டையிங்குக்கு அனுப்பலாம், டு டைக்கு அனுப்ப முடியாது

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் அரை நாள் உட்கார்ந்தால் இப்படித்தான் பேச்சு காதில் விழும். "நூல் நிட்டிங்குக்குப் போயிருச்சுங்க." "துணி டையிங்ல நிக்குது." "கட்டிங்கை இன்னிக்கே முடிச்சுருங்க." "பேக்கிங்குக்கு ஆள் பத்தலை." கோவைக்கு வந்தால் சொற்கள் மாறும், வாலில் தொங்கும் 'இங்' மாறாது. ஸ்பின்னிங், வீவிங், காஸ்டிங், மோட்டார் வைண்டிங் என்று இங்கேயும் அதே கதை.

இவை எல்லாமே ஆங்கில இலக்கணம் 'ஜெரண்ட்' என்று சொல்லும் வடிவத்தில் பிறந்த சொற்கள். பள்ளிக்கூடத்தில் ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்று கேட்டதும் வியர்த்தவர்கள்தான் இதையெல்லாம் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். பிழையில்லாமலும் பேசுகிறார்கள். "துணி டு டைல நிக்குது" என்று சாயப்பட்டறையில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வராது. ஏன் வராது என்பதைப் பிடித்துக்கொண்டால், 'கோயிங்' எங்கே, 'டு கோ' எங்கே என்ற குழப்பத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

டையிங்குக்கு, டையிங்ல, கட்டிங்கை. இந்தக் கு, இல், ஐ மூன்றும் வேற்றுமை உருபுகள். தமிழில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லோடு மட்டுமே சேரும். 'மரம்' மரத்துக்கு ஆகும், 'வருவது' வருவதற்கு ஆகும். 'வந்து' என்பதோடும் 'வர' என்பதோடும் உருபு ஒட்டாது, ஏனென்றால் அவை வினையெச்சங்கள். கொங்குக்காரன் வாய் 'டையிங்' என்பதைப் பெயராகவும் 'டு டை' என்பதை எச்சமாகவும் தானாகவே பிரித்துவிட்டது. ஆங்கிலத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 'இங்' வடிவம் பெயரைப் போல நடக்கும். 'டு' வடிவம் பெரும்பாலும் நம் 'செய' என்னும் எச்சத்தைப் போல, அடுத்து வரும் வினையைச் சார்ந்து நிற்கும்.

இந்தப் பிரிப்பு நமக்கு எண்ணூறு ஆண்டுகளாக எழுதிவைத்த சொத்து. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை எழுதினார். பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாபுரம்தான் அவர் ஊர் என்பது கொங்கு மரபு. மைசூர்ப் பக்கம் என்று வாதிடுபவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை. அதன் வழிவந்த இலக்கணங்கள் தொழிற்பெயர் விகுதிகளை தல், அல், கை, பு, வி என்று நீளமாக அடுக்கும். வினையெச்ச வாய்பாடுகளுக்கு நன்னூலே தனிப் பட்டியல் வைத்திருக்கும். ஒன்று பெயர்ப் பக்கம், மற்றது வினைப் பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டவே இல்லை.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபின் வேலையைப் பெரும்பாலும் பிரபோசிஷன் என்னும் முன்னிடைச் சொற்கள் செய்கின்றன. ஆஃப், இன், ஆன், ஃபார், அட், பை, வித்அவுட், பிஃபோர், ஆஃப்டர். இவற்றுக்குப் பிறகு ஒரு வினை வந்தே ஆகவேண்டுமென்றால் அது 'இங்' உடுத்திக்கொண்டுதான் வரும். கிளம்புவதற்கு முன் என்றால் 'பிஃபோர் லீவிங்'. வந்ததற்கு நன்றி என்றால் 'தேங்க் யூ ஃபார் கமிங்'. கணக்குப் போடுவதில் கெட்டி என்றால் 'குட் அட் சால்விங் சம்ஸ்'. நம் பக்கத்தையும் பாருங்கள்: கிளம்புவதற்கு, வந்ததற்கு, போடுவதில். மூன்றிலும் உருபு ஒட்டிய பெயர்.

இந்த விதிக்கு ஆங்கிலத்தில் விலக்கு மிகக் குறைவு. ஆனாலும் ஓரிடத்தில் நம்மவர்கள் வரிசையாக வழுக்கி விழுகிறார்கள். அந்த இடம் 'டு' என்ற சொல்லேதான். ஆங்கிலத்தில் இரண்டு 'டு' இருக்கின்றன. ஒன்று 'டு கோ' என்பதில் வருவது, வெறும் அடையாளம். மற்றது 'ஐ வென்ட் டு பொள்ளாச்சி' என்பதில் வருவது, அசல் முன்னிடைச் சொல். வேலைக்கு மனுப் போடும் மெயில்களில் பாதி 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிகிறது. தவறு. அங்கே இருப்பது பொள்ளாச்சிக்குப் போன 'டு'. ஆகவே 'டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்றுதான் எழுத வேண்டும். எந்த 'டு' என்று சந்தேகம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு சாதாரணப் பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்பது சரியாக நிற்கிறதா? நின்றால் அது முன்னிடைச் சொல், அதன் பின் 'இங்' வரும். 'வான்ட் டு யுவர் ரிப்ளை' நிற்காது. அது மற்ற 'டு'.

'யூஸ்டு டு' இந்தச் சோதனைக்கு நல்ல தீனி. 'ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபோர்' என்றால் முன்பெல்லாம் நாலு மணிக்கு எழுவேன், இப்போது இல்லை என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபோர்' என்றால் நாலு மணிக்கு எழுந்து பழகிவிட்டது. பால்காரருக்கு இரண்டாவது பொருந்தும், பணி ஓய்வு பெற்ற மில் தொழிலாளிக்கு முதலாவது.

இனிக் கடினமான பகுதி. முன்னிடைச் சொல்லே இல்லாமல் ஒரு வினைக்குப் பின் இன்னொரு வினை வரும்போது எதைப் போடுவது? பள்ளிக்கூடங்கள் இதற்குப் பட்டியல் கொடுக்கும். அவாய்ட், என்ஜாய், டினை, அட்மிட் ஒரு பக்கம். வான்ட், ஹோப், டிசைட், அக்ரீ, ரெஃப்யூஸ் மறுபக்கம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த தலைமுறை இதையெல்லாம் மனப்பாடம் செய்தது. பட்டியல் தவறில்லை. ஆனால் தமிழ் பேசுபவனிடம் பட்டியலை நீட்டுவதற்கு முன், அவன் வாயில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டிருக்கலாம் என்பது என் குறை.

கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒருவர் இரண்டு விதமாகச் சொல்லலாம். "கதவைப் பூட்ட மறந்துட்டனுங்க." அல்லது, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, "அட, பூட்டினதையே மறந்துட்டனுங்க." முதலாவதில் கதவு திறந்து கிடக்கிறது, இரண்டாவதில் பூட்டியே இருக்கிறது. முதலாவது 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்', இரண்டாவது 'ஐ ஃபர்காட் லாக்கிங் த டோர்'. பூட்ட என்ற எச்சம் 'டு' ஆயிற்று, பூட்டினது என்ற பெயர் 'இங்' ஆயிற்று. ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள் அரைப் பக்கம் செலவழித்து விளக்கும் நுணுக்கத்தை, எழுத்தே தெரியாத ஒரு பாட்டி தமிழில் பிசகாமல் சொல்லிவிடுவார்.

'ஸ்டாப்' அப்படியே இதன் தம்பி. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'த யூனிட்ஸ் ஸ்டாப்டு டையிங்' என்று எழுத வேண்டும்: சாயம் போடுவதை நிறுத்தினார்கள். 'ஸ்டாப்டு டு டை' என்று எழுதினால், சாயம் போடுவதற்காக வேறெதையோ நிறுத்தினார்கள் என்றாகும். நொய்யல் அதற்கு ஒப்பாது. பழனி போகும் பஸ் பொள்ளாச்சியில் ஆள் ஏற்ற நிற்பது 'ஸ்டாப்டு டு பிக் அப்'. கூட்டம் தாங்காமல் ஆள் ஏற்றுவதையே நிறுத்திவிட்டால் 'ஸ்டாப்டு பிக்கிங் அப்'. 'ஏற்ற', 'ஏற்றுவதை': பிரிப்பு அதே இடத்தில்தான்.

இன்னும் சுவையான இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் ஒரே வினைச்சொல் இரண்டு வேலை செய்யும், ஆங்கிலம் அதற்கு இரண்டு தனிச் சொற்கள் வைத்திருக்கும். "வர ஒத்துக்கிட்டான்" என்றால் 'அக்ரீடு டு கம்'. "எடுத்ததை ஒத்துக்கிட்டான்" என்றால் 'அட்மிட்டட் டேக்கிங் இட்'. அதேபோல "பணம் தர மறுத்தான்" என்பது 'ரெஃப்யூஸ்டு டு பே'. "பணம் வாங்கியதை மறுத்தான்" என்பது 'டினைடு டேக்கிங் த மணி'. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் நமக்கு ஒவ்வொரு சொல்தான். முன்னால் நிற்பது எச்சமா பெயரா என்பதை வைத்தே பொருளைப் பிரித்துக்கொள்கிறோம். பட்டியலில் அக்ரீயும் ரெஃப்யூஸும் ஏன் ஒரு பக்கம், அட்மிட்டும் டினையும் ஏன் எதிர்ப்பக்கம் என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அடியில் காலம் பற்றிய ஒரு போக்கு இருக்கிறது. 'டு' பெரும்பாலும் இனி நடக்க வேண்டியதைப் பார்க்கும். 'இங்' நடந்ததை, நடப்பதை, நடந்ததாக மனத்தில் கொண்டதைப் பார்க்கும். அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் பொலிஞ்சர் 1960களில் ஏறக்குறைய இந்த வகையில்தான் பிரித்துக் காட்டினார். நன்னூலிலும் இதன் வாடை வீசுகிறது. அது தரும் பன்னிரண்டு வினையெச்ச வாய்பாடுகளில் ஐந்து இறந்த காலத்துக்கு, ஒன்று நிகழ்காலத்துக்கு, ஆறு எதிர்காலத்துக்கு. "காண்பான் வந்தான்" என்று பழந்தமிழில் சொன்னால் காண்பதற்காக வந்தான் என்று பொருள். நோக்கத்தைச் சொல்லும் அந்த வான், பான், பாக்கு விகுதிகள் மூன்றையும் பவணந்தி எதிர்காலக் கணக்கில்தான் வைத்தார்.

ஆனால் காலத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். 'ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ் இட்' என்பதில் வேலை முடிந்தே போயிற்று, இருந்தும் 'டு' வருகிறது. தமிழில் கேட்டுப் பாருங்கள்: "எப்படியோ முடிக்க முடிஞ்சுதுங்க." முடிக்க என்பது எச்சம், ஆகவே 'டு'. காலம் கைவிட்ட இடத்தில் தமிழ் காப்பாற்றிவிட்டது. 'ஃபெயில்டு டு கம்' கூட அப்படித்தான்: வரத் தவறினான். நீந்தக் கற்றுக்கொள்வது 'லேர்ன் டு ஸ்விம்', வீடு வாங்க முடிவெடுப்பது 'டிசைட் டு பை'.

தமிழில் 'செய்து' என்ற இன்னோர் எச்சம் இருக்கிறதே, அது எங்கே போகும்? இதை யாரும் பெரிதாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. எழுதி முடித்தேன்: 'ஃபினிஷ்டு ரைட்டிங்'. பேசிக்கிட்டே இருந்தான்: 'கெப்ட் டாக்கிங்'. பேசிப் பழகு: 'பிராக்டிஸ் ஸ்பீக்கிங்'. சாவியைத் திருப்பிப் பார்த்தேன்: 'ட்ரைடு டர்னிங் த கீ'. நான்குமே 'இங்'. கடைசி உதாரணத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாவி திரும்பியது, கதவுதான் திறக்கவில்லை. அதனால் 'ட்ரைடு டர்னிங்'. சாவியே அசையவில்லை என்றால் "திருப்பப் பார்த்தேன்", அது 'ட்ரைடு டு டர்ன்'. திருப்பிப் பார்ப்பதற்கும் திருப்பப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் பிடிப்பது கல்லூரி மாணவர்களுக்கே சிரமம் என்பார்கள். தமிழில் அது ஓரெழுத்து வேலை.

இத்தனை சொன்ன பிறகு, தமிழ் காலை வாரும் இடங்களையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

முதல் இடம் நோக்கம். பேச்சுத் தமிழில் 'பார்க்க வந்தேன்' என்பதைவிட 'பாக்கறதுக்கு வந்தேன்' என்பதுதான் அதிகம். அந்தக் 'கு' நாக்கை 'ஃபார்' பக்கம் இழுக்கிறது. வளாக நேர்காணலில் 'ஐ கேம் ஃபார் அட்டெண்டிங் த இன்டர்வியூ' என்று பிறப்பது இப்படித்தான். ஒருவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்று சொல்ல ஆங்கிலம் 'டு' மட்டும் கேட்கும்: 'ஐ கேம் டு அட்டெண்ட்'. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது 'ஃபார்' வரலாம். துணி வெட்டும் மெஷின் 'ஃபார் கட்டிங் கிளாத்'. ஆளுக்கு 'டு', கருவிக்கு 'ஃபார்' என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த 'டு' அசல் முன்னிடைச் சொல்லாகத்தான் இருந்தது. அதன் பின்னால் வந்த வினை, நம் நான்காம் வேற்றுமைக்கு நிகரான ஒரு விகுதியை ஏற்றுக்கொண்டு நின்றது. அதாவது அன்றைய ஆங்கிலேயனும் 'போறதுக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். விகுதி காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்தது, 'டு' மட்டும் மிஞ்சியது. ஆகவே 'பாக்கறதுக்கு' என்று பேசுபவனைக் கொச்சை என்று ஒதுக்க வேண்டாம். அதை ஆங்கிலத்தில் 'ஃபார்' என்று இறக்காமல் இருந்தால் சரி.

இரண்டாவது இடம், தமிழில் எச்சம் வந்தும் ஆங்கிலம் 'இங்' கேட்கும் சில வினைகள். "வீடு வாங்க யோசிக்கிறேன்" என்பது 'கன்சிடரிங் பையிங்'. "உங்களைச் சந்திக்க ஆவலாயிருக்கேன்" என்பது மேலே பார்த்த 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங்'. "ஊட்டிக்குப் போலாம்னு யோசனை சொன்னாரு" என்பது 'சஜஸ்டட் கோயிங்'. 'சஜஸ்டட் மீ டு கோ' என்று எழுதவே கூடாது. ஆனால் "என்னைப் போகச் சொன்னாரு" என்றால் 'டோல்ட் மீ டு கோ' சரிதான். விடுப்பு விண்ணப்பத்தில் எல்லோரும் ஐந்தாம் வகுப்பிலிருந்து எழுதிவரும் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' இந்த அமைப்புதான். காய்ச்சல் பொய்யாக இருந்தாலும் இலக்கணம் மெய்.

மூன்றாவது, தமிழில் எச்சம் வர, ஆங்கிலத்தில் 'டு'வும் வராமல் மொட்டையாக நிற்கும் வினை. போக முடியும், போகோணும் இரண்டும் எச்சத்தில் பிறந்தவை. அதற்காக 'கேன் டு கோ', 'மஸ்ட் டு கோ' என்று சொல்ல முடியாது. போக விடு, போக வை என்பனவும் அப்படியே: 'லெட் ஹிம் கோ', 'மேக் ஹிம் கோ'.

'தருவதாகச் சொன்னான்', 'தூங்குவதுபோல் நடித்தான்' என்று தமிழ் பெயர்ப் பக்கம் சாய்ந்தும் ஆங்கிலம் 'ப்ராமிஸ்டு டு கிவ்', 'ப்ரிடெண்டட் டு ஸ்லீப்' என்று 'டு' போடும் இடங்களும் உண்டு. இவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. மனப்பாடம்தான்.

விருப்பத்தைச் சொல்லும் வினைகளில் தமிழும் ஆங்கிலமும் தாராளம் காட்டும். பாடப் பிடிக்கும், பாடுவது பிடிக்கும் இரண்டும் சரி. 'லைக் டு சிங்', 'லைக் சிங்கிங்' இரண்டும் சரி. 'என்ஜாய்' மட்டும் அடம்பிடித்து 'இங்' கேட்கும். 'வுட் லைக்' என்று ஆகிவிட்டால் 'டு' மட்டும். வீட்டுக்கு வந்தவரிடம் 'டூ யூ லைக் டிரிங்கிங் காஃபி?' என்று கேட்டால் அவர் "ஆமாங்க, பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். காபி வர வேண்டுமானால் 'வுட் யூ லைக் டு ஹேவ் சம் காஃபி?' என்று கேட்க வேண்டும்.

கோவைக்காரர்களுக்காகவே அமைந்தது போல இன்னொன்று: 'நீட்'. தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது, காயில் கட்ட வேண்டும். 'த மோட்டார் நீட்ஸ் ரீவைண்டிங்' என்று எழுதுங்கள். 'நீட்ஸ் டு ரீவைண்ட்' என்று எழுதினால் மோட்டாரே எழுந்து உட்கார்ந்து தனக்குத்தானே காயில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். 'நீட்ஸ் டு பி ரீவவுண்ட்' என்று சுற்றி வளைத்தும் எழுதலாம், சரியே. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை.

ஆகவே, எழுதும்போது தயங்கி நின்றால் முதலில் பக்கத்தில் முன்னிடைச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யோசிக்காமல் 'இங்'. இல்லையென்றால் அந்த வாக்கியத்தை உங்கள் ஊர்த் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். புத்தகத் தமிழில் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழில். 'செய' வந்தால் பெரும்பாலும் 'டு'. செய்வதை, செய்ததை, செய்து என்று வந்தால் பெரும்பாலும் 'இங்'. அதற்கும் அடங்காத கன்சிடர், சஜஸ்ட், ப்ராமிஸ், ப்ரிடெண்ட் போன்ற சில வினைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலைப் படிக்கும் வேலை மிச்சம்.